பாண்டாக் பழகுவோம்: நிறுவுவதிலிருந்து சொந்தமாக ஃபில்டர் எழுதுவது வரை

ஒரே கையேட்டை வேர்ட் ஃபைலாகக் கேட்பார் ஒருவர். அச்சகத்துக்குப் பிடிஎஃப் வேண்டும். இணையதளத்தில் போட எச்டிஎம்எல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரதி வைத்துக்கொண்டால் ஓர் எழுத்துப்பிழைக்காக மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும். கொஞ்ச நாளில் எது கடைசிப் பிரதி என்பதே தெரியாமல் போய்விடும். எளிய உரைக் கோப்பு ஒன்றில் எழுதிவிட்டு மற்ற வடிவங்களையெல்லாம் கட்டளை கொடுத்துத் தயாரித்துக்கொள்ளலாம் என்றால் இந்தப் பாடு கிடையாது. அதற்கான கருவிகளில் புதியவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது பாண்டாக்.

இதை எழுதியவர் ஜான் மெக்ஃபார்லேன். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தத்துவப் பேராசிரியர். முதல் பதிப்பு 2006ல் வந்தது. ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது, ஜிபிஎல் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. டெர்மினலைத் திறக்கத் தெரிந்தால் போதும், நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கடைசி இரண்டு பகுதிகள் மட்டும் கொஞ்சம் நிரல் பக்கம் போகும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இங்கே கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் கொடுத்திருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். ஓரெழுத்துச் சுருக்கங்களைத் தமிழில் எழுதினால் குழப்பம் வரும் என்பதால் முழுப் பெயருள்ள விருப்பங்களையே பயன்படுத்தியிருக்கிறேன். அவற்றின் முன்னால் இரண்டு ஹைஃபன் வரும். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் ‘பாண்டாக் --ஹெல்ப்’ என்று கொடுங்கள், முழுப் பட்டியலும் திரையில் வந்துவிடும்.

## முதலில் ஒரு மரம்

நிறுவுவதற்கு முன் இதைப் புரிந்துகொண்டால் பின்னால் பாதிக் கேள்விகள் எழாது. பாண்டாக் ஒரு வடிவத்தை நேரடியாக இன்னொரு வடிவமாக மாற்றுவதில்லை. முதலில் ரீடர் என்ற பகுதி உங்கள் கோப்பைப் படித்து அதை ஒரு மரமாக அடுக்குகிறது: இது தலைப்பு, இது பத்தி, பத்திக்குள் இது அழுத்தமான சொல், இது அடிக்குறிப்பு. அப்புறம் ரைட்டர் என்ற பகுதி அந்த மரத்தைப் பார்த்து வேர்டாகவோ ஈபப் என்ற மின்னூல் வடிவமாகவோ எழுதித் தருகிறது. ரீடருக்கு வெளியீடு என்னவென்று தெரியாது, ரைட்டருக்கு மூலம் எதுவென்று தெரியாது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. மரத்தில் இடமில்லாத எதுவும் வழியில் உதிர்ந்துவிடும். வேர்டில் நீங்கள் சிவப்பு நிறத்தில் போட்ட வரி, இழுத்து வைத்த டெக்ஸ்ட் பாக்ஸ், பக்க ஓர அளவு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அதைப் பிழை என்று நினைத்துத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், கருவியின் போக்கே அதுதான். இரண்டாவது, நடுவில் நிற்கும் அந்த மரத்தில் நீங்களே கை வைக்கலாம். பாண்டாக்கை உங்கள் தேவைக்கு வளைக்கும் வேலையெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

## நிறுவுவது

விண்டோஸில் கிட்ஹப்பில் உள்ள பாண்டாக் வெளியீட்டுப் பக்கத்திலிருந்து எம்எஸ்ஐ கோப்பை இறக்கி இரட்டைச் சொடுக்கினால் முடிந்தது. விங்கெட், சாக்லேட்டி என்ற நிறுவும் கருவிகள் இரண்டிலும்கூட இருக்கிறது. மேக்கில் ஹோம்ப்ரூ வைத்திருந்தால்:

```
ப்ரூ இன்ஸ்டால் பாண்டாக்
```

உபுண்டுவிலும் டெபியனிலும்:

```
சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பாண்டாக்
```

நிறுவி முடித்ததும் ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலை மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். பழைய சாளரத்துக்குப் புதிய நிரல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ‘கட்டளை கிடைக்கவில்லை’ என்று வந்ததும் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்பவர்கள் உண்டு. பிறகு சரிபாருங்கள்:

```
பாண்டாக் --வெர்ஷன்
```

லினக்ஸ்காரர்கள் இங்கே வருகிற எண்ணைக் கவனிக்க வேண்டும். உபுண்டு 22.04ன் களஞ்சியத்தில் இருப்பது 2.9.2.1. அது 2020ல் வந்தது. நூல் மேற்கோள்களைத் தானாக அமைக்கும் சைட்பிராக் வசதி பாண்டாக்குக்குள்ளேயே சேர்ந்தது 2.11ல். ஆக, இன்றைய கையேட்டைப் பார்த்து நீங்கள் தட்டும் கட்டளை அந்தப் பழைய பதிப்பில் ‘அப்படி ஒரு விருப்பமே இல்லை’ என்று திருப்பியடிக்கும். உங்கள் எண் 3ல் தொடங்காவிட்டால், அதே கிட்ஹப் பக்கத்திலிருந்து டெப் கோப்பை இறக்கி டிபிகேஜி மூலம் நிறுவிக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே நிரல் கோப்பில் அடங்கியிருப்பதால் வேறு சார்புகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பிடிஎஃப் வேண்டுமென்றால் இன்னொரு மென்பொருள் தேவைப்படும். அவசரப்பட்டு இப்போதே அதை நிறுவாதீர்கள். முதல் நாளே பிடிஎஃபில் இறங்கியவர்கள்தான் பாண்டாக் கஷ்டம் என்று சொல்லிக்கொண்டு திரும்பிப் போகிறார்கள்.

## முதல் ஆவணம்

தனியாக ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். விஎஸ் கோட், நோட்பேட், ஜீஎடிட் எதுவானாலும் சரி, கோப்பு யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்கப்பட வேண்டும். பாண்டாக் எதிர்பார்ப்பது அதைத்தான். விண்டோஸ் 10ன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேட் தானாகவே யூடிஎஃப்-8ல் சேமிக்கிறது. அதற்கு முந்தைய கணினியில் சேமிக்கும்போது ஆன்ஸி என்று விட்டுவிட்டால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும், திரும்பவும் வராது.

எழுதும் முறைக்குப் பெயர் மார்க்டவுன். 2004ல் ஜான் க்ரூபர் அறிமுகப்படுத்தியது. பாண்டாக் அதை விரிவாக்கி அடிக்குறிப்பு, அட்டவணை, மேற்கோள் எல்லாம் சேர்த்திருக்கிறது. இதை அப்படியே எழுதி, ‘கையேடு’ என்ற பெயரில் எம்டி என்ற பின்னொட்டோடு சேமியுங்கள்:

```
% மழைநீர்த் தொட்டி: பராமரிப்புக் கையேடு
% குடியிருப்போர் சங்கம்
% 2025

# தொட்டியைச் சுத்தம் செய்தல்

ஆண்டுக்கு ஒரு முறை, பருவமழைக்கு முன்,
தொட்டியைக் காலி செய்து கழுவ வேண்டும்.[^மணல்]

1. மோட்டாரை நிறுத்துங்கள்.
2. மேல் மூடியைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள்.
3. வடிகட்டி மணலை வெளியே எடுங்கள்.

| வேலை           | மாதம்   |
|----------------|---------|
| மணல் கழுவுதல்  | ஆடி     |
| குழாய் பார்த்தல் | புரட்டாசி |

[^மணல்]: ஆற்று மணல் கிடைக்காவிட்டால் சிறு கூழாங்கல் போதும்.
```

முதல் மூன்று வரிகளில் உள்ள சதவீதக் குறி தலைப்பு, ஆசிரியர், தேதி மூன்றையும் வரிசையாகச் சொல்கிறது. யாமல் என்ற இன்னொரு முறையும் இருக்கிறது, பெரும்பாலான பயிற்சிகளில் அதைத்தான் காட்டுவார்கள். அதில் தலைப்புக்குள் முக்காற்புள்ளியும் அதன் பின் இடைவெளியும் வந்தால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும், இல்லாவிட்டால் பிழை அடிக்கும். சதவீத முறைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆரம்பத்துக்கு இதுவே போதும்.

இப்போது:

```
பாண்டாக் கையேடு.எம்டி --அவுட்புட்=கையேடு.டாக்எக்ஸ்
```

வேர்டில் திறந்து பாருங்கள். தலைப்பு, எண்ணிட்ட பட்டியல், அட்டவணை, பக்கத்தின் கீழே அடிக்குறிப்பு எல்லாம் இருக்கும். வெளியீட்டுக் கோப்பின் பின்னொட்டை வைத்தே என்ன வடிவம் வேண்டும் என்பதைப் பாண்டாக் ஊகித்துக்கொள்கிறது. பின்னொட்டை ஈபப் என்று மாற்றினால் மின்னூல் ரெடி.

எச்டிஎம்எல் எடுக்கும்போது மட்டும் ‘--ஸ்டாண்டலோன்’ என்பதையும் சேருங்கள். சேர்க்காவிட்டால் வேறொரு பக்கத்துக்குள் ஒட்டுவதற்கான துண்டுதான் கிடைக்கும். குறியாக்கம் இன்னது என்று சொல்லும் தலைப்பகுதி அதில் இருக்காது என்பதால் பிரவுசரில் திறந்தால் தமிழ் குப்பையாகத் தெரியக்கூடும்.

## தமிழில் எழுதும்போது சறுக்கும் இடங்கள்

பத்தியின் முதல் வரியை உள்ளே தள்ளி எழுதுவது நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே வந்த பழக்கம். மார்க்டவுனில் வரியின் முன்னால் நான்கு இடைவெளி விட்டால் அது நிரல் துண்டு என்று பொருள். பத்தி முழுக்கத் தட்டச்சு எழுத்தில், வரி மடங்காமல் நீண்டு கிடக்கும். பத்திகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி விட்டால் போதும், உள்ளே தள்ளும் அழகையெல்லாம் வெளியீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

வரலாற்றுக் கட்டுரை எழுதுபவர்கள் ‘1947. அந்த ஆண்டு…’ என்று பத்தியைத் தொடங்குவார்கள். எண்ணும் புள்ளியும் இடைவெளியும் சேர்ந்தால் பாண்டாக்குக்கு அது எண்ணிட்ட பட்டியல். 1947லிருந்து தொடங்கும் பட்டியல் ஒன்று வந்து நிற்கும். புள்ளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போடுங்கள்: ‘1947\.’ என்று.

தலைப்புக்கு முன்னாலும் பட்டியலுக்கு முன்னாலும் வெற்று வரி கட்டாயம். வேறு சில மார்க்டவுன் கருவிகள் அது இல்லாமலே ஏற்றுக்கொள்ளும், பாண்டாக் ஏற்காது. தலைப்புக்கான வேலிக்குறிக்கு (#) பின்னால் ஓர் இடைவெளியும் வேண்டும்.

கவிதை எழுதுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. வரி முறிவு அப்படியே நிற்க வேண்டும் என்றால் ஒவ்வொரு வரியின் முன்னாலும் நெட்டுக்கோடு போடுங்கள்:

```
| தூறல் நின்ற தெரு
|     ஓரமாய் ஒரு குடை
| யாருடையதோ
```

வரித் தொடக்கத்தில் விட்ட இடைவெளியும் அப்படியே நிற்கும்.

அட்டவணைக்கு மேலே காட்டிய நெட்டுக்கோட்டு முறையையே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வரைந்து எழுதும் முறையும் இருக்கிறது, ஆனால் அதில் கோடுகள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். தமிழ் எழுத்துகளுக்கு எடிட்டரில் ஒரே அகலம் கிடையாது. கண்ணுக்கு நேராகத் தெரிவது கருவிக்குக் கோணலாக இருக்கும். நெட்டுக்கோட்டு அட்டவணையில் கோடுகள் தாறுமாறாக நின்றாலும் கவலையில்லை.

தலைப்புகளுக்குள் இணைப்பு கொடுக்கும் எண்ணம் இருந்தால், தலைப்பு வரியின் இறுதியில் நெளிவடைப்புக்குள் வேலிக்குறி போட்டு ஒரு குறும்பெயர் கொடுத்துவிடுங்கள். அதை ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். இணைப்பு முகவரியாகப் போகிற சங்கதி அது, தமிழில் வைத்தால் நகலெடுத்து ஒட்டும்போது சதவீதக் குறிகளும் எண்களுமாக நீண்டுவிடும்.

அப்புறம் பழைய கோப்புகள். பாமினி எழுத்துருவில் தட்டியதை வேர்டில் பார்த்தால் தமிழ், பாண்டாக்குக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். டிஸ்கி குறியாக்கக் கோப்புகளுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு இங்கே வாருங்கள், வேறு குறுக்குவழி இல்லை.

விண்டோஸ் பவர்ஷெல்லில் வேலை செய்பவர்கள் வெளியீட்டை ‘>’ குறியால் கோப்புக்குத் திருப்ப வேண்டாம். விண்டோஸோடு வரும் 5.1 பதிப்பு போகிற வழியில் குறியாக்கத்தை மாற்றித் தமிழைச் சிதைத்துவிடும். ‘--அவுட்புட்’ கொடுத்தால் பாண்டாக்கே நேரடியாக எழுதும், சிக்கல் இல்லை.

## வேர்டில் நம் தோற்றம் வர

பாண்டாக் தரும் வேர்ட் ஃபைலின் தோற்றம் பிடிக்கவில்லையா? ஒவ்வொரு முறையும் கையால் திருத்தாதீர்கள். மாதிரிக் கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்:

```
பாண்டாக் --அவுட்புட்=மாதிரி.டாக்எக்ஸ் --பிரிண்ட்-டீஃபால்ட்-டேட்டா-ஃபைல் ரெஃபரன்ஸ்.டாக்எக்ஸ்
```

இதை வேர்டில் திறந்து ஸ்டைல்களை மாற்றுங்கள். எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஃபான்ட் மாற்றினால் ஒன்றும் நடக்காது. உள்ளடக்கத்தைப் பாண்டாக் சீண்டவே சீண்டாது, ஸ்டைல்கள், பக்க அளவு, ஓரம், மேல்-கீழ்ப் பட்டைகள் இவற்றைத்தான் எடுத்துக்கொள்ளும். சாதாரணப் பத்திக்கு ‘பாடி டெக்ஸ்ட்’, தலைப்பை அடுத்து வரும் பத்திக்கு ‘ஃபர்ஸ்ட் பாராகிராஃப்’, நெருக்கமான பட்டியல் வரிகளுக்கு ‘காம்பாக்ட்’ என்று மூன்று ஸ்டைல் இருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றவை ஏன் மாறவில்லை என்று யோசிக்க வேண்டாம். ஃபான்ட் பெட்டியில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற பகுதி இருந்தால் அங்கேயும் தமிழ் எழுத்துருவைக் கொடுங்கள், வேர்ட் தமிழுக்கு அதைத்தான் பார்க்கும்.

சேமித்தபின் கட்டளையோடு ‘--ரெஃபரன்ஸ்-டாக்=மாதிரி.டாக்எக்ஸ்’ என்று சேர்த்தால் போதும்.

## பிடிஎஃப்: தமிழ் ஒழுங்காக வர

பிடிஎஃபைப் பாண்டாக் தானே உருவாக்குவதில்லை. இன்னொரு இன்ஜினிடம் கொடுத்து வாங்குகிறது. எதுவும் சொல்லாவிட்டால் அது தேடுவது பிடிஎஃப்லேடெக்கை, லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் ஒரு வகை. அதற்குத் தமிழ் எழுத்தென்றால் என்னவென்றே தெரியாது, முதல் தமிழ் எழுத்திலேயே பிழை சொல்லி நின்றுவிடும். ஆகவே அதன் இன்னொரு வகையான ஸீலேடெக்கைக் கேளுங்கள். உபுண்டுவில் டெக்ஸ்லைவ்-ஸீடெக் என்ற பொட்டலம், விண்டோஸில் மிக்டெக். டெக்ஸ்லைவை முழுவதுமாக நிறுவினால் பல ஜிபி இடம் பிடிக்கும், அவ்வளவு தேவையில்லை.

கட்டளையில் மூன்று விஷயம் வர வேண்டும்:

```
பாண்டாக் கையேடு.எம்டி --அவுட்புட்=கையேடு.பிடிஎஃப்
  --பிடிஎஃப்-இன்ஜின்=ஸீலேடெக்
  --வேரியபிள்=மெயின்ஃபான்ட்:"நோட்டோ செரிஃப் தமிழ்"
  --வேரியபிள்=மெயின்ஃபான்ட்ஆப்ஷன்ஸ்:"ஸ்கிரிப்ட்=தமிழ்"
```

எளிதாகப் படிக்கத்தான் வரிகளை உடைத்திருக்கிறேன், ஒரே வரியாகத் தட்டுங்கள். மேற்கோள் குறிக்குள் இருப்பவற்றில் மட்டும் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் ஆங்கிலப் பெரிய எழுத்தாகத் தட்டுங்கள். எழுத்துருவைக் குறிப்பிடாவிட்டால் தமிழ் வர வேண்டிய இடமெல்லாம் வெற்றிடமாக இருக்கும், டெர்மினலில் ‘எழுத்து இல்லை’ என்ற எச்சரிக்கைகள் வரிசையாக ஓடும். கடைசி வரியைப் பலர் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் எழுத்து வரும், ஆனால் ‘கொ’வில் கொம்பு இடப்பக்கம் போகாமல் ‘க’வுக்குப் பின்னால் நிற்கக்கூடும். யூனிகோடில் ‘க’ முதலில், உயிர்க்குறி அதன் பிறகு என்றுதான் சேமிக்கப்படுகிறது. திரையில் இடம் மாற்றிக் காட்டும் வேலையை எழுத்துருவும் இன்ஜினும் சேர்ந்து செய்ய வேண்டும், அதைத் தூண்டிவிடுவதுதான் அந்த வரி.

எழுத்துருவின் பெயரைத் துல்லியமாகக் கொடுக்க வேண்டும். லினக்ஸில் ‘எஃப்சி-லிஸ்ட்’ கட்டளையோடு தமிழ் மொழிக் குறியைச் சேர்த்தால் கணினியில் உள்ள தமிழ் எழுத்துருக்களெல்லாம் பட்டியலாக வரும். விண்டோஸில் நிர்மலா யூஐ ஏற்கெனவே இருக்கும். ஆங்கிலச் சொல் கலந்து எழுதுகிறவர்களுக்கு இது வசதி, இரண்டு மொழிக்கும் எழுத்து இதிலேயே இருக்கிறது. தமிழ் மட்டும் உள்ள எழுத்துருவாக இருந்தால் ஆங்கிலச் சொற்கள் காணாமல் போகும்.

லேடெக்கின் பிழைச் செய்திகளைப் படித்தே ஓய்ந்துவிட்டீர்கள் என்றால் டைப்ஸ்ட்டைப் பாருங்கள். 2023ல் பொதுவெளிக்கு வந்தது, சின்ன மென்பொருள். 3.1.2க்குப் பிந்தைய பாண்டாக் அதையும் பிடிஎஃப் இன்ஜினாக ஏற்கிறது. கொடுத்த எழுத்துருவில் ஓர் எழுத்து இல்லாவிட்டால் அதுவே கணினியில் வேறொன்றைத் தேடி எடுத்துக்கொள்கிறது. புதிதாக வருகிறவர் என்னிடம் கேட்டால் இன்று இதிலிருந்தே தொடங்கச் சொல்வேன். கணிதச் சமன்பாடு நிறைய வைத்திருப்பவரும், பதிப்பகத்தின் லேடெக் மாதிரிக்குள் அடங்க வேண்டியவரும் மட்டும் ஸீலேடெக்கோடு இருக்கலாம்.

## கட்டளை நீளும்போது

மேலே உள்ள பிடிஎஃப் கட்டளையை யாரும் தினமும் தட்ட மாட்டார்கள். எல்லா விருப்பங்களையும் ஒரு யாமல் கோப்பில் எழுதி வைத்து ‘--டீஃபால்ட்ஸ்’ என்று அதன் பெயரைக் கொடுத்தால் போதும். உள்ளீட்டுக் கோப்புகள், வெளியீடு, இன்ஜின், பொருளடக்கம் வேண்டுமா என்பதெல்லாம் அதில் அடங்கும். டிஓசி-டைட்டில் என்ற மாறியில் ‘பொருளடக்கம்’ என்று எழுதினால் பொருளடக்கப் பக்கத்தின் தலைப்பும் நீங்கள் சொன்னபடி வரும். மொழிக்கான லாங் என்ற மாறியில் தமிழின் ஈரெழுத்துக் குறியைக் கொடுக்க மறக்காதீர்கள், ஈபப் படிப்பான்களும் திரைவாசிப்பு மென்பொருள்களும் அதைப் பார்த்துத்தான் மொழியை அறிகின்றன. யாமலில் டேப் விசை கூடாது, இடைவெளிதான்.

புத்தகமாக எழுதுகிறீர்கள் என்றால் அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு வைத்து வரிசையாகக் கொடுங்கள், பாண்டாக் ஒன்றாக இணைத்துக்கொள்ளும். இரண்டு அத்தியாயத்தில் ஒரே அடிக்குறிப்புப் பெயர் இருந்தால் மோதும். அடிக்குறிப்புக்கு 1, 2 என்று எண் வைக்காமல் மேலே செய்தது போலச் சொல்லாக வைத்தால் மோதுவது குறையும். அதற்கும் மேலே போனால் ‘--ஃபைல்-ஸ்கோப்’ இருக்கிறது.

## மரத்தைப் பார்ப்பது

இனி வளர்க்கும் பக்கம். மரம் எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்க்க ‘--டூ=நேட்டிவ்’ என்று கொடுங்கள். ‘வணக்கம் உலகே’ என்ற வரிக்கு ஒரு பாரா, அதற்குள் ஸ்ட்ர், பிறகு ஸ்பேஸ், பிறகு இன்னொரு ஸ்ட்ர் என்று வரும். ஆனால் ‘வணக்கம்’ இருக்க வேண்டிய இடத்தில் இப்படி நிற்கும்:

```
\2997\2979\2965\3021\2965\2990\3021
```

பயப்பட வேண்டாம், எதுவும் கெடவில்லை. ஹாஸ்கெல் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை எண்ணாகத்தான் அச்சிடும். 2997 என்பது ‘வ’, 2979 என்பது ‘ண’, 3021 என்பது புள்ளி. எழுத்தாகவே பார்க்க வேண்டுமென்றால் ‘--டூ=ஜேசன்’ கொடுங்கள், தமிழ் தமிழாகவே வரும். படிக்கக் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும், அவ்வளவுதான்.

## லுவா ஃபில்டர்

2017ல் வந்த 2.0 பதிப்பிலிருந்து லுவா என்ற சின்ன நிரல்மொழி பாண்டாக்குக்குள்ளேயே இருக்கிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ஃபில்டர் என்பது மரம் உருவான பிறகு, ரைட்டரிடம் போகும் முன், அதைத் தொட்டுத் திருத்தும் ஒரு சிறு கோப்பு.

நம் கையேட்டில் எச்சரிக்கைப் பெட்டி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மார்க்டவுனில் இப்படி எழுதலாம்:

```
::: எச்சரிக்கை
தொட்டிக்குள் தனியாக இறங்காதீர்கள்.
:::
```

இது மரத்தில் ‘டிவ்’ என்ற கிளையாக, ‘எச்சரிக்கை’ என்ற கிளாஸோடு போய் உட்காரும். எச்டிஎம்எல்லில் அதே பெயரில் கிளாஸ் வந்துவிடும், சிஎஸ்எஸ் எழுதினால் வேலை முடிந்தது. வேர்டில் அப்படி வராது. வேர்ட் ரைட்டர் ‘கஸ்டம்-ஸ்டைல்’ என்ற பண்பு இருக்கிறதா என்றுதான் பார்க்கும். இந்த இடைவெளியை அடைக்க ஒரு ஃபில்டர் போதும்.

‘டிவ்’ என்ற பெயரில், முதல் எழுத்து பெரியதாக, லுவாவில் ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். மரத்தில் டிவ் வரும்போதெல்லாம் பாண்டாக் தானாக இதை அழைத்து அந்தக் கிளையைக் கையில் கொடுக்கும். உள்ளே ஒரு நிபந்தனை: அதன் கிளாஸ்களில் ‘எச்சரிக்கை’ உண்டா? உண்டென்றால் அதன் அட்ரிப்யூட்ஸ் அட்டவணையில் கஸ்டம்-ஸ்டைல் என்பதற்கு ‘எச்சரிக்கை’ என்ற மதிப்பைக் கொடுத்துவிட்டு, கிளையைத் திருப்பி அனுப்புங்கள். ஆறு வரிக்குள் முடிந்துவிடும். ஓட்டுவதற்கு ‘--லுவா-ஃபில்டர்’ என்று கோப்பின் பெயரைச் சேருங்கள். அந்தப் பெயரில் ஸ்டைல் இல்லாவிட்டால் பாண்டாக்கே ஒன்றை உருவாக்கும். நீங்கள் மாதிரிக் கோப்பில் அதே பெயரில் மஞ்சள் பின்னணியோடு ஒரு ஸ்டைல் வைத்தால் எல்லா எச்சரிக்கைகளும் மஞ்சளாகிவிடும்.

ஃபங்ஷன் எதையும் திருப்பி அனுப்பாவிட்டால் கிளை பழையபடியே இருக்கும். வெற்றுப் பட்டியலை அனுப்பினால் கிளை நீக்கப்படும். ‘டிவ்’ போலவே ஹெடர், பாரா, இமேஜ், லிங்க் என்று ஒவ்வொரு வகைக்கும் ஃபங்ஷன் வைக்கலாம். மாற்றம் நடக்கவில்லை என்றால் ஃபில்டரோடு சேர்த்து நேட்டிவ் வெளியீட்டை எடுத்துப் பாருங்கள். தவறு ஃபில்டரிலா, மூலத்திலா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

தமிழில் ஃபில்டர் எழுதுகிறவர்கள் இரண்டு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். லுவா சரங்களை பைட்டுகளாகத்தான் எண்ணும். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் கேட்டால் 15 என்று சொல்லும், யூடிஎஃப்-8ல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். யூடிஎஃப்8 தொகுப்பின் லென் ஃபங்ஷனைக் கேட்டால் 5 வரும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நாம் எண்ணும் மூன்றெழுத்து என்ற விடை எதிலும் நேரடியாகக் கிடைக்காது. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் நீங்களே கழித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஒப்பிடுதல். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். லுவாவுக்கு வேறு வேறு. தட்டச்சுப் பலகை மாறினால் இது மாறக்கூடும். கிளாஸ் பெயரில் ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய் இல்லாத சொல்லாகப் பார்த்து வைப்பது சுலபமான தப்பிக்கும் வழி.

புதிய உள்ளீட்டு வடிவத்தையோ வெளியீட்டு வடிவத்தையோ சேர்க்க வேண்டுமானாலும் லுவாவிலேயே கஸ்டம் ரீடர், கஸ்டம் ரைட்டர் எழுத முடியும். ஹாஸ்கெலைத் தொட வேண்டிய தேவை பலருக்கு வரவே வராது.

## மூல நிரலில் கை வைப்பதென்றால்

பாண்டாக்கிலேயே பிழை இருப்பதைக் கண்டுபிடித்து அதைத் திருத்த நினைத்தால்தான் இந்தப் பகுதி. ஜிஹெச்சிஅப் என்ற நிறுவியைக் கொண்டு ஹாஸ்கெல் கம்பைலரையும் கபால் கருவியையும் போட்டுக்கொள்ளுங்கள். கிட் மூலம் களஞ்சியத்தை இறக்குங்கள். 2023 ஜனவரியில் வந்த 3.0லிருந்து ஓடும் நிரல் பாண்டாக்-சிஎல்ஐ என்ற தனிப் பொட்டலமாகப் பிரிந்துவிட்டது, கட்ட வேண்டியது அதை:

```
கபால் பில்ட் பாண்டாக்-சிஎல்ஐ
```

முதல் முறை நூற்றுக்கும் மேற்பட்ட சார்புப் பொட்டலங்களைக் கட்டும். ரேம் 4 ஜிபிதான் என்றால் திணறும். மதியச் சாப்பாட்டுக்குப் போகும் முன் தொடங்கிவிடுங்கள். அடுத்த முறையிலிருந்து நீங்கள் மாற்றிய பகுதியும் அதைச் சார்ந்தவையும் மட்டுமே மறுபடி கட்டப்படும்.

நிரலின் அமைப்பு மேலே சொன்ன மரக் கதையை அப்படியே ஒத்திருக்கும். சோர்ஸ் ஃபோல்டருக்குள் ரீடர்கள் ஓர் இடத்தில், ரைட்டர்கள் ஓர் இடத்தில், வடிவத்துக்கு ஒரு கோப்பு அல்லது ஃபோல்டர். வேர்டுக்கு மாற்றும்போது பிழை வருகிறது என்றால் முதலில் நேட்டிவ் வெளியீட்டைப் பாருங்கள். மரம் சரியாக இருந்தால் குற்றவாளி ரைட்டர். மரமே தவறென்றால் ரீடர் பக்கம் போங்கள்.

டெஸ்ட் எழுதும் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. டெஸ்ட் ஃபோல்டருக்குள் கமாண்ட் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொரு டெஸ்ட்டும் ஒரு மார்க்டவுன் கோப்பு. அதற்குள் ஒரு நிரல் துண்டு. முதல் வரியில் சதவீதக் குறி போட்டு ஓட்ட வேண்டிய பாண்டாக் கட்டளை, அதன் கீழே உள்ளீடு, பிறகு உள்ளீடு முடிந்தது என்பதற்கான கன்ட்ரோல்-டி குறி, அதன் கீழே வர வேண்டிய வெளியீடு. ஹாஸ்கெல் ஒரு வரிகூட வேண்டாம். கிட்ஹப்பில் நீங்கள் பதிவு செய்த பிழையின் எண்ணையே கோப்புக்குப் பெயராக வைப்பது அங்கே வழக்கம்.

ஆகவே நிரலைத் திருத்தத் தெரியாவிட்டாலும் தமிழ் உரையில் ஏதாவது உடைவதைக் கண்டால், உடைகிற மிகச் சிறிய துண்டை வெட்டி எடுங்கள். இரண்டு மூன்று வரிக்கு மேல் இருக்கக் கூடாது. கட்டளை, உள்ளீடு, வந்தது, வர வேண்டியது, உங்கள் பாண்டாக் பதிப்பு எண் ஆகிய ஐந்தையும் எழுதி இஷ்யூ பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே யாராவது அதைப் பதிந்திருக்கிறார்களா என்று தேடிவிட்டு, சமீபத்திய பதிப்பிலும் அது உடைகிறதா என்று ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.